அதெல்லாம் எதுக்கு இப்போ?

போன மாசம் எங்க வீட்டுல பாட்லக். எட்டு குடும்பம், பதினோரு பிள்ளைங்க, மூணு வகை பிரியாணி. வழக்கம்போல ஆம்பளைங்க எல்லாம் வீட்டுக் கடன் வட்டியைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். ஹால் ஓரத்துல என் பொண்ணு (பதினாலு வயசு) டிவில ஒரு கேம் விளையாடிக்கிட்டிருந்தா. நண்பர் ஒருத்தர் கையில தட்டோட போய் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, யாரையும் சுடவும் காணோம், பாயின்ட்ஸும் காணோம்?"

"இது தனிமை பத்தின கேம் அங்கிள். இவ தன்னோட பழைய ஞாபகங்களைத் தேடிப் போறா."

நண்பர் என் பக்கம் திரும்பி விழுந்து விழுந்து சிரிச்சார். "ஏங்க, நம்ம பிள்ளைங்களுக்கு என்னங்க தனிமை? சொந்த ரூம், லேப்டாப், நெட்ஃபிளிக்ஸ், கராத்தே, வயலின். காசு குடுத்து சோகத்தை வாங்குறாங்களா? நாம படாத கஷ்டமா? அதையெல்லாம் நினைச்சுக்கிட்டா உட்கார்ந்திருக்கோம்? பழசு எல்லாம் எதுக்குங்க இப்போ?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்குப் பரிகாரமாத்தான் இந்தப் பதிவு. நண்பர் நல்லவர், எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். அதனால இது அவர் மேல கோபமில்லை. அந்தக் கடைசி வாக்கியத்து மேலதான். நம்ம எல்லார் வீட்டிலும் புழங்குற வாக்கியம் அது. என் வீட்டில் அதை அதிகமா சொன்னவன் நான்தான்.

*

முதல்ல அந்த கேம். பேர் 'சீ ஆஃப் சாலிட்யூட்'. தனிமைக் கடல்னு வச்சுக்கலாம். ஜெர்மனியில் பெர்லின்ல இருக்கிற ஜோ-மெய் என்கிற சின்ன நிறுவனம் செஞ்சது, 2019 ஜூலையில் வந்தது. எழுதி இயக்கினவங்க கொர்னேலியா கெப்பர்ட். தன் வாழ்க்கையில தான் அனுபவிச்ச தனிமையிலிருந்துதான் இது வந்ததுன்னு அவங்களே வெளிப்படையா சொல்லியிருக்காங்க.

கதை இதுதான். 'கே'ன்னு ஒரு இளம்பெண். தனிமை முத்திப்போய் உடம்பெல்லாம் கறுத்து, கண்கள் சிவந்து, ஒரு பூதமா மாறியிருக்கா. ஒரு சின்னப் படகில் போய்க்கிட்டிருக்கா. சுத்தி ஒரு நகரம், பாதி கடலுக்குள்ள முங்கிக் கிடக்கு. கூரைகள் மட்டும் வெளியே தெரியுது. தண்ணிக்குள்ள ஒரு பெரிய மிருகம் காத்திருக்கு. போகப் போகத்தான் புரியும், அங்க இருக்கிற பூதங்கள் எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சவங்கதான். அதுல ஒருத்தன் அவ தம்பி. பள்ளிக்கூடத்துல பசங்ககிட்ட அடியும் அவமானமும் பட்டுக்கிட்டிருந்தவன். அக்காகிட்ட சொல்ல வந்தப்போ அவ காது கொடுக்கலை. மறந்தே போயிட்டா. இல்லை, மறந்த மாதிரி புதைச்சுட்டா. மூணு நாலு மணி நேரத்துல முடிஞ்சுடுற கேம். சுடுறது இல்லை, ஜெயிக்கிறது இல்லை. கேக்குறதுதான் வேலை.

பாட்லக் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் பொண்ணு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தா. அம்மா பக்கத்து சோபாவுல உட்கார்ந்திருந்தாங்க. அப்பா போனப்புறம் 2019ல எங்களோட மெல்போர்ன் வந்தவங்க. பொதுவா டிவி பக்கம் திரும்பமாட்டாங்க. அன்னைக்கு அந்த முங்கின வீடுகளையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"இந்தப் புள்ள என்னத்தத் தேடுது கண்ணு?"

"தம்பியை, அப்பாயி. அவன் சொன்னதை இவ அப்போ கேக்கல."

அம்மா ரொம்ப நேரம் பேசலை. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். தண்ணியை நிறுத்தினப்போதான் அம்மா குரல் கேட்டுச்சு. "கச்சால்லயும் இப்புடித்தான் கண்ணு. கூரை மட்டுந்தான் தெரிஞ்சுதாம்."

அந்த ஊர்ப் பேரை அம்மா வாயிலிருந்து நான் கேட்டு இருபது வருஷம் இருக்கும்.

*

அந்தமான்னா நம்மாட்களுக்கு என்ன தெரியும்? சிவாஜியோட 'அந்தமான் காதலி', 1996ல வந்த 'சிறைச்சாலை', இப்போ தேனிலவு பேக்கேஜ். நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேர். (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்திட்டாங்க. அம்மாவுக்கு இன்னும் போர்ட் பிளேர்தான்.) அப்பா சாத்தம் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். 1883ல ஆரம்பிச்ச ஆலை அது. 2011 கணக்கெடுப்புப்படி தீவுகளில் மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர், அதுல ஏறக்குறைய 15 சதவீதம் தமிழ் பேசுறவங்க. நாங்க அதுல நாலு பேர்.

அம்மா கதை வேற. அம்மா பிறந்தது இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1948ல இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தொழிலாளிங்க நாடில்லாதவங்க ஆனாங்க. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை வச்சுக்கும்னு ரெண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டாங்க. அந்த அஞ்சேகால் லட்சத்தில் அம்மாவும் அவங்க தம்பியும் ரெண்டு தலை. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் சென்னையிலிருந்து மறுபடி கப்பல். இறக்கிவிட்ட இடம் நிக்கோபார் தீவுகளில் ஒண்ணான கச்சால். தாயகம் திரும்பினவங்க சில குடும்பங்களை அங்க ரப்பர் தோட்டத்தில் அரசாங்கம் குடியேத்தியிருந்துச்சு. தேயிலையை விட்டு ரப்பர். பழங்குடி மக்களோட பாதுகாக்கப்பட்ட தீவு என்பதால வெளியாட்கள் பாஸ் இல்லாம போக முடியாது. அம்மா கல்யாணமாகி போர்ட் பிளேர் வந்துட்டாங்க. மாமா அங்கேயே இருந்துட்டார்.

கச்சால்னு ஒரு பேரை வெளியுலகம் ரெண்டு தடவைதான் கேட்டிருக்கும். 2000 ஜனவரி 1ம் தேதி, புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம் பார்க்கணும்னு அந்தத் தீவைப் பத்தி ஊரெல்லாம் பேச்சு. ரெண்டாவது தடவை, அஞ்சு வருஷம் கழிச்சு.

2004 டிசம்பர் 26. நான் அப்போ மெல்போர்ன் வந்து ஆறு மாசம். இங்க பாக்சிங் டே, எம்சிஜியில் ஆஸ்திரேலியா - பாகிஸ்தான் டெஸ்ட். அறையில் நாலு பசங்க டிவி முன்னாடி. சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி குலுங்கினது இந்திய நேரம் காலை 6.28க்கு. மெல்போர்னில் அப்போ உச்சி நேரம். நாங்க விக்கெட்டை எண்ணிக்கிட்டிருந்த நேரத்துல கார் நிக்கோபார் விமானப் படைத்தளம் போயிடுச்சு. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே நாலு மீட்டருக்கு மேல இறங்கி, கலங்கரை விளக்கம் கடலுக்குள்ள நின்னுச்சு. மோசமா அடிவாங்கின தீவுகளில் கச்சாலும் ஒண்ணு.

தமிழ்நாட்டுக்கு நாகப்பட்டினம் தெரியும், வேளாங்கண்ணி தெரியும். தெரியணும், ஆயிரமாயிரம் பேர் போன இடம். கச்சாலில் போன தமிழர்களை யாருக்குத் தெரியும்? மாமா, அத்தை, ரெண்டு பிள்ளைங்க. உடம்பு கிடைக்கலை. 'காணாமல் போனோர்' பட்டியலில் நாலு வரி.

ஒரு வாரம் கழிச்சு போர்ட் பிளேருக்கு லைன் கிடைச்சுது. அம்மா அழலை. ஏதோ சொல்ல ஆரம்பிச்சாங்க, "அவன் போன மார்கழில லெட்டர் போட்டப்பவே நான்..." அவ்வளவுதான். நான் குறுக்கே புகுந்தேன். "அம்மா, அதெல்லாம் எதுக்கும்மா இப்போ? நடந்தது நடந்துபோச்சு. நீ உடம்பைப் பார்த்துக்கோ." ஆறுதல் சொன்னதா நினைச்சேன். அன்னைக்கு மூடின வாய். அதுக்கப்புறம் தம்பின்னு ஒருத்தர் இருந்ததாவே அம்மா காட்டிக்கலை. நாங்களும் கேக்கலை. போன டிசம்பரோட இருபத்தோரு வருஷம்.

அன்னைக்கு ராத்திரி, கேமை நிறுத்தி வச்சுட்டு என் பொண்ணு கேட்டா. "அப்பாயி, உங்க தம்பி என்ன சொன்னார்?"

அம்மா சொன்னாங்க. மாமா அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தாராம், பிள்ளைங்க படிப்புக்காக போர்ட் பிளேருக்கே வந்துடுறேன் அக்கா, மச்சான்கிட்ட சொல்லி சாத்தத்துல ஏதாவது வேலை பாருன்னு. அம்மா பதில் போட்டாங்களாம்: "அரசாங்கத் தோட்டத்து வேலை. அதை விட்டுட்டு வந்து இங்க என்ன செய்வே? அங்கேயே இரு."

"நான்தான் இருடான்னு சொன்னேன் கண்ணு."

இருபத்தோரு வருஷம் ஒரு மனுஷி இதை வயித்துல வச்சுக்கிட்டு எனக்கு சாம்பார் வச்சுக் கொடுத்திருக்காங்க. எம்பிஏ படிச்ச மகனால திறக்க முடியாததை, சொல்லப்போனா நானே பூட்டினதை, நண்பர் சிரிச்ச அந்த 'சோக கேம்' ஒரு ராத்திரியில் திறந்துச்சு. பொண்ணு ஆறுதல் எதுவும் சொல்லலை. "அவர் பேர் என்ன அப்பாயி?"ன்னு மட்டும் கேட்டா. அப்போதான் எனக்கு உறைச்சுது, என் பொண்ணுக்கு அந்தப் பேரே தெரியாது. (இங்க எழுதமாட்டேன். அது எங்க வீட்டுக்குள்ள திரும்பி வந்த பேர், அங்கேயே இருக்கட்டும்.)

*

இப்போ நேரா உங்ககிட்ட வர்றேன் மக்களே.

நாம பிள்ளைங்களுக்கு மரபு கொடுக்கிறோம். பொங்கலுக்குப் பட்டுப்பாவாடை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஆண்டு விழாவில் திருக்குறள் ஒப்பிக்கிறது, கோலாட்டம், போட்டோ. ரெண்டாயிரம் வருஷத்துக் கதை எல்லாம் சொல்றோம். ஆனா தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார், சித்தி ஏன் வீட்டுக்கு வர்றதில்லை, அப்பா இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் ராத்திரி பூட்டின காருக்குள்ள உட்கார்ந்து ஏன் அழுதார்... மூச்! பெருமைப்பட முடிஞ்சது மட்டும் மரபு. மத்ததெல்லாம் 'அதெல்லாம் எதுக்கு இப்போ'.

பிள்ளைக்குத் தெரியாதுன்னு நினைக்கிறோம். டிசம்பர் கடைசி வந்தா அப்பாயி ஏன் சாப்பிடமாட்டேங்கிறாங்க என்பது என் பொண்ணுக்கு நாலு வயசிலிருந்து தெரியும், காரணம் மட்டும் தெரியாது. வீட்டில் ஒரு துக்கம் நடமாடுது, அதுக்குப் பேர் இல்லை, கேட்டா பேச்சு மாறுது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ற பிள்ளைக்கு 'உனக்கென்ன தனிமை'ன்னா என்ன அர்த்தம்?

போர்ட் பிளேரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை செல்லுலார் சிறைக்குக் கூட்டிப் போவாங்க. 1896ல ஆரம்பிச்சு 1906ல முடிச்ச கட்டடம். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி ஏழு பிரிவுகள் (இப்போ மூணுதான் மிச்சம்), 693 அறைகள். ஒவ்வொரு பிரிவின் அறைக்கதவும் அடுத்த பிரிவின் முதுகைப் பார்த்த மாதிரி இருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதி முகத்தைப் பார்த்துடக்கூடாது. அடிக்கிறது, செக்கிழுக்க வைக்கிறது எல்லாம் உண்டு. ஆனா கட்டடத்தையே ஒரு தண்டனையா வரைஞ்சிருக்கான் பாருங்க, அந்தத் தண்டனை பேர் தனிமை.

இப்போ உங்க வீட்டை யோசிங்க. நாலு பெட்ரூம், நாலு கதவு, நாலு திரை. பாட்டி அறை பின்பக்கம், ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டு வேலி. வெள்ளைக்காரன் தண்டனைக்காகக் கட்டினதை நாம முப்பது வருஷக் கடனில் வாங்கியிருக்கோம் :-(

*

வரப்போற கேள்விகள் எனக்குத் தெரியும்.

ஒண்ணு: "கேம் அடிமைத்தனம் இருக்கே, அதுக்கு வக்காலத்தா?" இருக்கு. உலக சுகாதார நிறுவனமே கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022லிருந்து நடைமுறையில் இருக்கு. ராத்திரி மூணு மணி வரைக்கும் சுட்டுத்தள்ளுற பையனோட கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்குங்க, நான் குறுக்கே வரலை. ஆனா அதே நிறுவனம்தான் உலகத்தில் ஆறு பேரில் ஒருத்தரைத் தனிமை வாட்டுதுன்னு 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டுச்சு. முதல் செய்தியை வாட்ஸ்அப்பில் பத்து குழுவுக்கு அனுப்பினீங்களே, ரெண்டாவதை எத்தனை பேருக்கு அனுப்பினீங்க?

ரெண்டு: "இதுக்கு கேம் எதுக்கு? உட்கார்ந்து பேசினாப் போதாதா?" தாராளமாப் போதும். பேசினீங்களா? நான் பேசலை, இருபத்தோரு வருஷம். நேருக்கு நேர் உட்கார்ந்து 'உன் துக்கத்தைச் சொல்லு'ன்னா எந்த அம்மா சொல்வாங்க? ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு, நடுவில் வேற யாரோ ஒருத்தியோட கதை ஓடும்போதுதான் நம்ம கதை வெளியே வருது. முன்னே அரிசி புடைக்கும்போது, தலை பின்னும்போது வந்துச்சு. லயத்து வாசலில் தேயிலைக் கூடையை இறக்கி வச்சுட்டு வந்துச்சு. அந்தத் திண்ணையெல்லாம் இப்போ எங்க இருக்கு? ஒரு கேம் அந்த வேலையைச் செஞ்சா வாங்கிக்கிட்டுப் போவோமே.

மூணு: "இதெல்லாம் வெள்ளைக்காரங்க பிரச்சினை, நம்ம கலாச்சாரத்தில் கிடையாது." இதுக்குத்தான் எனக்குக் கோபம் வருது. கனடாவில் டொராண்டோவில் இருக்கிற நம்ம தமிழ்ப் பசங்க 'விசை கேம்ஸ்'னு ஒரு சின்ன நிறுவனம் வச்சு, 2023 ஜூலையில் 'வெண்பா'ன்னு ஒரு கேம் வெளியிட்டாங்க. 1988ல கனடாவுக்குக் குடியேறின ஒரு தமிழ் தம்பதி. அம்மா கொடுத்தனுப்பின சமையல் குறிப்பு நோட்டு நைந்து, எழுத்து அழிஞ்சு கிடக்கு. விடுபட்டதை யோசிச்சு யோசிச்சு இட்லி, புட்டு, பிரியாணின்னு ஒவ்வொண்ணா மீட்கணும், அதுதான் விளையாட்டு. வளர்ந்த பையன் அம்மாவோட தமிழ் எழுத்தைப் படிக்கத் திணறுற இடம் ஒண்ணு வரும். என் தங்கமணி எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தாங்க. 2024ல இங்கிலாந்தின் பாஃப்டா அதுக்கு சிறந்த அறிமுக விளையாட்டு விருது கொடுத்துச்சு. நம்ம தனிமையை, நம்ம மறதியை, நம்ம சாம்பார்ப் பொடியோட உலகம் விளையாடிக்கிட்டிருக்கு. நமக்கு மட்டும் அது இன்னும் 'வெள்ளைக்காரங்க பிரச்சினை'.

கடைசியா ஒண்ணு. எங்க தீவுகளில் போவா சீனியர்னு ஒரு பாட்டி இருந்தாங்க. கிரேட் அந்தமானிஸ் இனத்தவங்க, 'போ' மொழி பேசத்தெரிஞ்ச கடைசி மனுஷி. மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி அவங்களோட இருந்து அந்த மொழியைப் பதிவு பண்ணினாங்க. பேசிக்க யாரும் இல்லாம, அந்தப் பாட்டி பறவைகளோட தன் மொழியில் பேசுவாங்கன்னு அப்பி சொல்லியிருக்காங்க. சுனாமியையும் தாண்டின அந்தப் பாட்டி 2010 ஜனவரியில், சுமார் 85 வயசில் போய்ச் சேர்ந்தாங்க. மொழியும் கூடவே போச்சு. அவங்ககிட்ட பேச அவங்க மொழி தெரிஞ்சவங்க இந்த பூமியில் யாருமே மிச்சம் இல்லை. என் அம்மாவுக்கு அவங்க மொழி தெரிஞ்ச மகன் அடுத்த அறையில் இருந்தான். அப்படியும் அவங்க கொல்லைப்பக்கம் வர்ற மேக்பை குருவிகிட்டதான் பேசிக்கிட்டிருந்தாங்க. முதலாவதுக்கு வரலாறு காரணம். ரெண்டாவதுக்கு நான் யாரைக் காரணம் சொல்ல?

*

கேம் வாங்கிக் கொடுத்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல வரலை. அம்மா சொல்லி முடிச்ச அடுத்த நாள் நாள் பூரா படுத்தே கிடந்தாங்க. எனக்குப் பயமாயிடுச்சு. தங்கமணி டாக்டர்கிட்ட பேசி, தமிழ் தெரிஞ்ச ஒரு கவுன்சிலரைப் பிடிச்சாங்க. இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பேசறாங்க. புதைச்சதைத் தோண்டினா வலிக்கும். தோண்டினவங்க பக்கத்துல இருக்கணும், அதுவும் நம்ம வேலைதான்.

நான் கேக்குறது சின்ன விஷயம். அடுத்த தடவை பிள்ளை ஒரு விநோதமான கேமோட உட்கார்ந்திருந்தா, சுடுறதைக் காணோமேன்னு சிரிக்காதீங்க. பக்கத்துல உட்காருங்க. வீட்டில் பெரியவங்க இருந்தா அவங்களையும் உட்கார வைங்க. அவங்க ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா, அந்த நாலு வார்த்தையை மட்டும் முழுங்கிடுங்க.

வர்ற டிசம்பர் 26க்கு எம்சிஜி டிக்கெட் போடலாம்னு நண்பர்கள் இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. நான் வரலை. அன்னைக்கு அம்மா வீட்டில் படையல் போடப் போறாங்க, முதல் தடவையா. நாலு இலை. மாமாவுக்கு என்ன பிடிக்கும்னு என் பொண்ணு கேட்டு எழுதி வச்சிருக்கா. மாசிக்கருவாட்டு சம்பலாம். ரெண்டாவது அயிட்டம் அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் வரலை. யோசிச்சுக்கிட்டிருக்காங்க.

பி.கு: அந்த நண்பருக்கு - இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க. உங்க அப்பா 83ல யாழ்ப்பாணத்துக்குக் கப்பல்ல திரும்பினதைப் பத்தி நீங்க ஒரே ஒரு தடவை, ரெண்டு பியருக்கு அப்புறம், பாதி சொல்லி நிறுத்தினீங்க. மீதியைக் கேக்க நான் எப்ப வரட்டும்?